அரசாங்கம் பாதி, ராசாங்கம் பாதி

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள் ஒண்டிக்கொண்டிருந்த காலம். எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், எங்கள் பக்கத்துக்கு அரசாங்கம் ஒரு ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது. நாங்கள் கேட்டது ரோடு. அதற்கு முந்தி குடிதண்ணீர் கேட்டிருந்தோம், பருத்திக்கு நல்ல விலை கேட்டிருந்தோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ‘கலப்புரு விலங்கு ஆராய்ச்சித் துணை நிலையம்’ என்று ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஒரு விலங்கின் கருவுக்குள் இன்னொரு விலங்கின் செல்லைப் புகுத்தி, இரண்டும் ஒரே உடம்பில் குடியிருக்கிற மாதிரி ஒரு குட்டியைப் பிறக்க வைப்பதுதான் அங்கே வேலை. சீமையில் எலியை வைத்துச் செய்துவிட்டார்களாம். நம்மிடம் எலிக்குப் பஞ்சமில்லை. ஆனால் எலிக்கென்று தனி இலாகா இல்லை. வெள்ளாட்டுக்கு ஒரு பிரிவும் செம்மறிக்கு ஒரு பிரிவும் ஏற்கெனவே சும்மா உட்கார்ந்திருந்ததால் அவற்றை வைத்தே செய்வதென்று முடிவாயிற்று.

நிலையம் எந்த ஊருக்கு என்பதில் சண்டை வந்தது. பெரம்பலூர்க்காரர்கள் கடையடைத்தார்கள். அரியலூர்க்காரர்கள் ரயிலை மறித்தார்கள். பதிலுக்கு மறிக்கப் பெரம்பலூரில் ரயில் கிடையாது. அவர்கள் பஸ்ஸை மறித்தார்கள். கடைசியில் யார் மனமும் கோணாதபடி ஒரு தீர்ப்பு வந்தது. கருவைச் சூட்டில் வைத்துக் காக்கிற வெப்பப் பெட்டி பெரம்பலூருக்கு. கருவைப் பார்க்கிற மைக்ரோஸ்கோப் அரியலூருக்கு. ஆக, வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கரு, ஊசி போட்டுக்கொள்ள அரியலூருக்கு பஸ்ஸில் போய்விட்டு, திரும்பப் பெரம்பலூருக்கு பஸ்ஸில் வர வேண்டும்.

அதைக் கொண்டுபோய்க் கொண்டு வருகிறவர் பியூன் கொளஞ்சியப்பன். கரு இருக்கிற கண்ணாடிக் குழாயைத் தன் பனியனுக்குள் விட்டு, மேலே துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். மனுஷ உடம்புச் சூடு கருவுக்குப் போதும் என்று கண்டுபிடித்ததும், வெப்பப் பெட்டிக்கு மின்சாரம் கேட்டு எழுதுவதை ஆபீஸ் நிறுத்திவிட்டது. கருவிகள் வரிசையில் கொளஞ்சியப்பனையும் சேர்த்துவிட்டார்கள். அக்கா மகள் கல்யாணத்துக்கு அவர் லீவு கேட்டபோது, கருவிகளுக்கு லீவு விதி இல்லை என்று மனு திரும்பி வந்தது.

திறப்பு விழாவில் பேசியவர் பொறுப்பு இணை இயக்குநர் முத்துசாமி. நிரந்தரமாக ஒருவர் வருகிறவரைக்கும் நாற்காலி ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். நல்ல மனுஷர்தான். ஆனால் ‘சரி’ என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ‘முடியாது’ என்றும் கேட்டதில்லை. தலையை ஒரு மாதிரி வட்டமாக ஆட்டுவார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டவர் வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்ள வேண்டும்.

“பெரியோர்களே, தாய்மார்களே,” என்று மைக்கைப் பிடித்தார். “கரு உண்டான புதுசுல அதுக்குள்ளே கொஞ்சம் செல்கள் இருக்கும். கரு மூலச் செல்கள்னு பேரு. இதுகளுக்கு இன்னும் போஸ்டிங் ஆகலை. தோலாகுன்னா தோலாகும், ஈரலாகுன்னா ஈரலாகும், எந்த வேலைக்கும் தயார். போஸ்டிங் ஆயிட்டா அதோட சரி. ஈரல் ஈரல் வேலையைத்தான் பார்க்கும், பக்கத்து சீட்டுப் பக்கம் திரும்பாது. என்னையே எடுத்துக்குங்க. காலேஜ் முடிச்சப்ப எனக்கு எல்லா வேலையும் தெரியும். இப்போ சுருக்கொப்பம் மட்டும்தான் வருது.”

ஜனங்கள் கை தட்டினார்கள். உற்சாகம் வந்துவிட்டது அவருக்கு.

“இந்தச் செல்களைத் தட்டுல வளர்க்கணும்னா அடியில வேற செல்களை மெத்தை மாதிரி பரப்பணும். அதுகள் வளராது, பெருகாது, ஒரு வேலையும் பார்க்காது. சும்மா படுத்திருக்கும். ஆனா அதுகளுக்கும் சேர்த்துத்தான் சத்து ஊத்தணும். நம்ம தலைமை அலுவலகத்தை நினைச்சுப் பார்த்தீங்கன்னா இது சுலபமா விளங்கும். இப்படி வளர்த்த செம்மறிச் செல்லை மயிரை விட மெல்லிசான ஊசியால வெள்ளாட்டுக் கருவுக்குள்ள விட்டு, அந்தக் கருவை ஒரு ஆட்டு வயித்துல வச்சா, ரெண்டும் கலந்த குட்டி கிடைக்கும். அந்தக் குட்டி எதுக்குன்னு சிலர் கேக்கிறாங்க. அதை ஆராய்ச்சியில்தான் கண்டுபிடிக்கணும்.”

அந்தக் கூட்டத்தில் வாலிகண்டபுரம் பக்கத்து ராசாங்கமும் நின்றுகொண்டிருந்தான். கூலி வேலைக்குப் போகிறவன். வீட்டில் ஒரே ஒரு வெள்ளாடு. அவனுக்குச் செல்லும் புரியவில்லை, மெத்தையும் புரியவில்லை. ஆட்டு வயிற்றில் கருவை வைத்தால் குட்டி கிடைக்கும் என்ற ஒன்று மட்டும் சுரீரென்று உள்ளே இறங்கியது.

காரணம் இருந்தது. முந்தின வருடம் அவன் மகள் மலர்க்கொடிக்குக் காய்ச்சல் வந்து, கண் சொருகி, பிழைப்பாளா என்றாகிவிட்டது. அப்போது அவன் மனைவி அம்சவள்ளி ஈரப் புடவையோடு ஓடிப்போய் ஊர் எல்லைச் சாமி கருப்பின் முன்னால் விழுந்து, “எங்க ஆட்டோட அடுத்த ஈத்துக் கிடாக்குட்டிய ஒனக்கு வுட்டுட்டேன், எம்புள்ளைய எனக்கு வுட்டுடு” என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்துவிட்டாள். ஆடு சினைப்படவில்லை. எத்தனையோ கிடாயிடம் ஓட்டிப் பார்த்தாயிற்று. வேறு ஆட்டை வாங்கி வெட்டலாம் என்றால் அதுவும் ஆகாது. எங்கள் பக்கம் நேர்ந்துவிட்ட குட்டிக்குப் பதில் குட்டி செல்லாது. நடுவில் மலர்க்கொடிக்கு மறுபடி இரண்டு தடவை காய்ச்சல் வந்துவிட்டுப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் அம்சவள்ளி, “கருப்பு கேக்குதுய்யா, கேக்குது” என்று புருஷனைத் தூங்கவிடவில்லை.

மறுநாளே ராசாங்கம் ஆட்டை ஓட்டிக்கொண்டு பெரம்பலூர் நிலையத்துக்குப் போய் நின்றான்.

நிலையத்தில் எல்லாம் இருந்தது, ஆடு மட்டும் இல்லை. வாங்குவதற்கு அனுமதி வரவில்லை. ஒரே ஒரு கிடா இருந்தது. அதற்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவைத்திருந்தார்கள். எந்தப் பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறது என்று கண்டுசொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அந்த ஆபரேஷனை வட்டாரத்துக் குடும்ப நலக்காரர்கள் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டு கேடயம் வாங்கிவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை.

வெள்ளாட்டுப் பிரிவுக்கு டாக்டர் குழந்தைவேல். செம்மறிப் பிரிவுக்கு டாக்டர் சின்னதுரை. இரண்டு பிரிவையும் ஒன்றாக ஒட்டிவிட்டார்களே தவிர, இருவரும் ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டைப் பார்த்ததும் இருவர் நாற்காலியும் ஒரே சமயத்தில் திரும்பின. அனுமதி இல்லாமல் ஆட்டை எப்படி உள்ளே எடுப்பது? அரை நாள் யோசித்து முத்துசாமி வழி கண்டுபிடித்தார். ஆட்டை அயற்பணியில் எடுத்துக்கொள்வது. வேறு இடத்து ஊழியரைக் கொஞ்ச காலம் இங்கே வேலை பார்க்கச் சொல்கிற மாதிரி. ஆட்டுக்கு உத்தரவு தயாராயிற்று.

“சார், எங்க பக்கத்து வழக்கப்படி வாரத்துக்கு வுட்டதா வச்சுக்கலாங்களா?” என்று ராசாங்கம் கைகட்டிக் கேட்டான். ஆடு ஒருவருடையது, பார்த்துக்கொள்வது இன்னொருவர், ஈன்றதில் ஆளுக்குப் பாதி. எங்கள் ஊரில் காலங்காலமாக அப்படித்தான். “ஒத்தக் குட்டியா போட்டா மொதக் குட்டி எனக்கு, அடுத்தது உங்களுக்கு. மொதக் குட்டி கருப்புக்கு நேந்ததுங்க சார். அத மட்டும் மாத்த முடியாது.”

முத்துசாமி தலையை வட்டமாக ஆட்டினார். ராசாங்கம் அதைச் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனான். பாவி மனுஷன், அங்கேயே நின்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

வேலை தொடங்கியது. கொளஞ்சியப்பன் பனியனுக்குள் கரு அரியலூருக்குப் போயிற்று. அங்கே போனால் கரண்ட் இல்லை. ஜன்னல் ஓரம் மைக்ரோஸ்கோப்பை நகர்த்தி, வெயிலில் பார்த்து, ஒரு கண்ணாடிக் குழாயால் கருவை உறிஞ்சி ஒருவர் பிடித்துக்கொள்ள, மெல்லிய ஊசியால் சின்னதுரை செல்லை உள்ளே விட்டார். கருவை அசையாமல் பிடித்தவர் குழந்தைவேல். அவருக்குக் கோபம். தன் பிரிவின் கருவுக்குள் செம்மறிப் பிரிவு அத்துமீறி நுழைவதாக அவர் முணுமுணுத்தது ஜன்னலுக்கு வெளியே டீக்கடை வரை கேட்டதாம். கரு பஸ்ஸேறித் திரும்பி வந்தது. முதல் கரு வழியிலேயே போய்விட்டது. அடுத்ததும் நிற்கவில்லை. அதற்கப்புறம் ஒன்று எப்படியோ ராசாங்கத்தின் ஆட்டு வயிற்றில் பிடித்துக்கொண்டது. தை மாதம் ஆடு ஒரு கிடாக்குட்டி போட்டது.

குட்டியைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். தோள்பட்டை கறுப்பு, வெள்ளாட்டு மயிர். இடுப்பில் வெள்ளையாகச் சுருள் சுருளாகச் செம்மறிக் கம்பளி. அப்புறம் மறுபடி கறுப்பு, மறுபடி கம்பளி. கத்துவது வெள்ளாடு மாதிரி ஆரம்பித்துச் செம்மறி மாதிரி முடியும். பிறந்த அன்று குழந்தைவேலும் சின்னதுரையும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தலைமை அலுவலகத்துக்குத் தந்தி பறந்தது. பதில் தந்தியும் வந்தது. ‘பாராட்டுகள். பிறந்தது வெள்ளாடா, செம்மறியா? உடன் தெரிவிக்கவும்.’

அங்கே தொடங்கிற்று சனியன். வெள்ளாடு என்றால் செம்மறிப் பிரிவை மூடிவிடுவார்கள். செம்மறி என்றால் வெள்ளாட்டுப் பிரிவு போய்விடும். இரண்டும் என்றால் இரண்டு பிரிவு எதற்கு என்று கேட்பார்கள். மூன்று பதிலும் ஆபத்து. ஆகவே பதில் எழுதவில்லை. பதில் எழுதாத குட்டிக்குத் தீவனம் ஒதுக்கவும் வழி இல்லை. குழந்தைவேல், “கம்பளிக்கு நான் ஏன் தழை போடணும்?” என்றார். சின்னதுரை, “கொம்பு அவங்களுது, மேய்க்கறது நானா?” என்றார். குட்டிக்கு அந்தப் பிரச்சினை எதுவும் தெரியாமல் தாய் ஆட்டிடம் பால் குடித்து, ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, ஆபீஸுக்கு வந்த கடுதாசிகளைத் தின்று நன்றாகவே வளர்ந்தது.

பால் மறந்ததும் ராசாங்கம் கயிற்றோடு வந்தான். “சார், ஆடியில கருப்புக்குப் பூசை. குட்டியக் குடுத்தீங்கன்னா ஓட்டிட்டுப் போயிடுவேன்.”

குழந்தைவேல் நாற்காலியைத் திருப்பினார். “இந்தாப்பா, இந்தக் குட்டியில உன் ஆட்டோட பங்கு ஒரு துளி கூட இல்லை தெரியுமா? வெள்ளாட்டுக் கரு வேற எடத்து ஆடு, வேற எடத்துக் கிடாவோடது. செம்மறிச் செல்லுக்கு அப்பன் ஆத்தா தனி. மொத்தம் நாலு பெத்தவங்க. உன் ஆடு வயித்துல இடம் கொடுத்துது, அவ்வளவுதான்.”

ராசாங்கம் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். “பெத்தது எங்க ஆடுதாங்களே சார்? வலிச்சது அதுக்குத்தானுங்களே?”

“வலி வேற. உறவு வேற.”

“அப்ப எங்க ஆட்டுக்கு இந்தக் குட்டி என்ன மொற ஆவணும் சார்?”

சின்னதுரை தலைக்கு மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

வழக்கப்படி பாதி பாத்தியதை உண்டு என்று ராசாங்கம் விடாமல் நின்றான். காலையில் வருவான், சாயங்காலம் போவான். முத்துசாமி பெரம்பலூரில் இருப்பார் என்று வந்தால் அரியலூருக்குப் போயிருப்பார். அரியலூருக்கு ஓடினால், “இப்பத்தான் பெரம்பலூர் பஸ்ஸுக்கு நடந்தாரு” என்பார்கள். எதிர் எதிரே இரண்டு பஸ்ஸும் உரசிக்கொண்டு போகையில் ஜன்னலில் முத்துசாமியின் முகத்தை அவன் பார்த்ததுண்டு. கும்பிட்டான். அவரும் தலையை வட்டமாக ஆட்டினார். கூலி வேலையும் கெட்டது. வீட்டுக்குப் போனால் அம்சவள்ளி வாசலிலேயே, “என்ன சொன்னாரு?” என்பாள். என்ன சொன்னார் என்று அவனுக்கே தெரிந்தால்தானே.

கடைசியில் அவன் தொல்லை தாங்காமல், பாதி ராசாங்கத்துக்கு என்று வைத்துக்கொண்டாலும் எந்தப் பாதி என்று அளந்துவிடலாம் என்று தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேயரை வரவழைத்தார்கள். அவர் சங்கிலியோடு வந்தார். குட்டி நிற்கவில்லை. நான்கு பேர் பிடித்துக்கொள்ள, கறுப்பு மயிர் இருக்கிற இடமெல்லாம் ராசாங்கம், கம்பளி இருக்கிற இடமெல்லாம் அரசாங்கம் என்று சிவப்பு மையால் எல்லை போட்டார். முன்னங்காலில் ஒன்று ராசாங்கத்துக்கு வந்தது. பின்னங்கால் இரண்டும் அரசாங்கம். வயிறு பொதுவழி. தலையில் மயிரும் கம்பளியும் பின்னிக் கிடந்ததால் எதுவும் சொல்ல முடியாமல் அதைப் புறம்போக்கு என்று எழுதிவிட்டார்.

“அப்ப புறம்போக்குல இருக்கிற வாய்க்கு யாருங்க தழை போடுறது?” என்று ராசாங்கம் நிஜமாகவே தெரியாமல் கேட்டான். சர்வேயர் அதற்குத் தனியாக மனுக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் குட்டி வளர்ந்து எல்லையெல்லாம் நகர்ந்துவிட்டது. மறு அளவைக்கு எழுதினார்கள்.

இதற்குள் ஆடி நெருங்கிவிட்டது. ஒருவழியாக முத்துசாமியை நாற்காலியிலேயே பிடித்த ராசாங்கம் அழாத குறையாகக் கேட்டான். “சார், பாதி பாதியா வெட்ட முடியாதுங்க. முழுசா குடுத்துடுங்க. அடுத்த ஈத்து முழுக்க உங்களுக்கே.”

“அவசரப்படாதப்பா. இன்னும் பரம்பரைச் சோதனை இருக்கு. நாங்க உள்ள விட்ட செல்லு தோலோட நின்னுச்சா, விதை வரைக்கும் இறங்கிச்சான்னு பார்க்கணும். இந்தக் கிடா பெரிசாகி, இதுக்குக் குட்டி பிறந்து, அந்தக் குட்டிகள்ல செம்மறி ஏதாச்சும் தலைகாட்டுதான்னு தெரியணும்.”

“அதுக்குப் பொண்டாட்டி பாத்தாச்சுங்களா?”

“அதுலதான் பிரச்சினை. வெள்ளாட்டுப் பெட்டையோட சேர்க்கணும்ங்கறாரு குழந்தைவேல். செம்மறிதான்னு நிக்கிறாரு சின்னதுரை. மேலே எழுதியிருக்கு.”

“அது வரைக்கும் கருப்பு பொறுக்குமாங்க சார்?”

முத்துசாமி பேனாவை மூடினார். “கருப்பு எந்த டிபார்ட்மெண்ட்?”

விஷயத்தை விளக்கியதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. கால நீட்டிப்பு கேட்டால் தீர்ந்தது. அன்றே கடிதம் தயாராயிற்று. ‘பெறுநர்: அருள்மிகு கருப்பு அவர்கள், ஊர் எல்லை. பொருள்: நேர்த்திக்கடன் கிடா ஒப்படைப்பு, கால நீட்டிப்புக் கோருதல் தொடர்பாக. தங்களுக்கு வேண்டிக்கொள்ளப்பட்ட விலங்கின் மீது அரசின் சோதனைகள் நிலுவையில் உள்ளபடியால், மேற்படி வேண்டுதலை இரண்டாண்டுகளுக்குத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. பதில் வராத பட்சத்தில் ஆட்சேபணை இல்லை எனக் கருதப்படும்.’

கொளஞ்சியப்பன் அதைக் கொண்டுபோய்ப் பூசாரி கருப்பண்ணனிடம் கொடுத்தார். பூசாரி சூடம் ஏற்றி, சாமி முன்னால் நின்று, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். பொதுவாகச் சாமிக்கு மனுக் கொடுப்பார்கள். சாமிக்குத் தாக்கீது கொடுத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும் என்று கொளஞ்சியப்பன் நின்றபோது, குங்குமத்தில் விரலைத் தொட்டு ஒரு பொட்டு வைத்து அனுப்பினார். கருப்பிடமிருந்து எழுத்துமூலமாகப் பதில் வரவில்லை. ஆட்சேபணை இல்லை என்று ஆபீஸ் முடிவுகட்டியது.

ஆனால் மலர்க்கொடிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பழைய மாதிரியே கண் சொருகல். ராசாங்கம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஊசி போட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தான். அம்சவள்ளி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு வீரம்மாளைப் பிள்ளையிடம் உட்கார வைத்துவிட்டு, புருஷனைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, தலையை முடிந்துகொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினாள். பூசை நாள் அது.

ஆபீஸுக்குள் நுழைந்தவள் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்க் கிடாவை அவிழ்த்தாள். முத்துசாமி பதறிக்கொண்டு எழுந்தார்.

“அம்மா, அம்மா! அரசாங்கப் பாதியையும் சேர்த்து ஓட்டிட்டுப் போறீங்க!”

“எம்பாதி வருது சார். ஒங்க பாதியும் பின்னாலயே வந்தா நான் என்ன பண்றது? புடிச்சு நிறுத்தி வச்சுக்குங்க!”

சட்டப்படி அது சரியா தவறா என்று அவர்கள் பேசி முடிப்பதற்குள் அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். நிலையத்தின் ஜீப் அரியலூரில் நின்றது, டிரைவர் பெரம்பலூரில் இருந்தார். வேறு வழியில்லாமல் முத்துசாமியும் குழந்தைவேலும் சின்னதுரையும் அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள். இறங்கினதிலிருந்து கோயில்வரை முத்துசாமி கிடாவின் பின்னங்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டே குனிந்தபடி நடந்தார். அரசாங்கச் சொத்து அல்லவா.

ஊரே கூடியிருந்தது. பறை முழங்கியது. கிடாவுக்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். வெட்டுகிற கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையிலிருந்து வால்வரை உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாத கிடாயின் மேல் கத்தி படாது. கருப்பண்ணன் வேப்பிலையால் தெளித்தார். கிடா அசையவில்லை. மறுபடி தெளித்தார். மாலையிலிருந்த ஒரு பூவைத் தின்றது. அம்சவள்ளி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். ராசாங்கம், “சாமி, சாமி” என்று தரையில் விழுந்தான்.

பூசாரி முகம் இறுகியது. “இது மேல இன்னொருத்தரு புடி இருக்கு. முழுசா குடுக்காதத சாமி தொடாது. யாருங்க அந்தப் பாதிக்கு உடையவரு?”

எல்லோரும் முத்துசாமியைப் பார்த்தார்கள். அவர் இன்னும் பின்னங்காலை விடவில்லை.

“‘குடுத்தேன்’னு சாமி முன்னால வாயால சொல்லிடுங்க சார்,” என்றார் பூசாரி.

முத்துசாமி தொண்டையைச் செருமினார். “அதாவது… கொள்கை அளவுல எனக்கு மறுப்பு இல்லை. மறுப்பு இல்லைங்கறதாலயே சம்மதம்னும் ஆயிடாது. குடுக்கலாமா கூடாதாங்கறதைப் பரிசீலிக்கலாமான்னு மேலிடத்துக்கு எழுதி…”

“எம்புள்ள வூட்ல சுருண்டு கெடக்குறா சார்!” என்று அம்சவள்ளி கத்தினாள். “குடுத்தேன்னு சொன்னா ஒங்க வாயி தேஞ்சா போயிடும்?”

அவர் தலையை வட்டமாக ஆட்டினார். கருப்பண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. வேப்பிலையை வீசிவிட்டுச் செம்பு மொத்தத்தையும் ஓங்கிக் கிடாயின் மேல் ஊற்றினார். கிடா விலகிக்கொண்டது. குனிந்து காலைப் பிடித்திருந்த முத்துசாமியின் பிடரியில் தண்ணீர் விழுந்து சட்டைக்குள் இறங்கிற்று. கிணற்றுத் தண்ணீர், ஆடிக் காற்று வேறு. மனுஷர் தலையிலிருந்து கால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பினார்.

பறை நின்றது. யாரோ ஒருத்தி குலவை போட்டாள்.

“ஐயா சிலுப்பிட்டாரு,” என்றார் கருப்பண்ணன், குரல் ஏறாமல் இறங்காமல். “கிடா சிலுப்பல. நான் என்ன பண்றது, வழக்கம் வழக்கந்தான்.”

அரிவாளோடு நின்ற ஆள் ஒரு அடி முன்னால் வந்தான். விளையாட்டுக்கா நிஜத்துக்கா என்று இன்றுவரை அவன் சொல்லவில்லை. முத்துசாமி கிடாவின் காலை விடாமலே பின்னால் நகர்ந்தார்.

“நான் பொறுப்புதாங்க! நிரந்தரம் கெடையாது! என்னை வெட்டினா செல்லாது! குழந்தைவேல்தான் சீனியர்!”

“நான் இன்னிக்கு லீவு சார்!” என்றார் குழந்தைவேல்.

“சின்னதுரை!”

சின்னதுரையைக் காணவில்லை. புளியமரத்துக்குப் பின்னால் அவர் வேட்டி மட்டும் தெரிந்தது.

“குடுத்தேன்!” என்று முத்துசாமி அலறினார். “குடுத்தேன், குடுத்தேன்! ரெண்டு பாதியும் குடுத்தேன், புறம்போக்கையும் சேர்த்துக் குடுத்தேன்!” கையிலிருந்த காலையும் விட்டார்.

கால் விடுபட்ட கிடா நான்கு காலிலும் ஊன்றி நின்று, காதிலிருந்து வால்வரை, மயிரும் கம்பளியுமாக ஒரே சிலுப்பாகச் சிலுப்பியது. அரிவாள் இறங்கிற்று.

திருநீற்றை வாங்கிக்கொண்டு ராசாங்கம் வீட்டுக்கு ஓடினான். இங்கே மரத்தில் தொங்கவிட்டுத் தோலை உரித்தார்கள். சர்வேயரின் சிவப்பு மை எல்லைகள் தோலோடு கழன்று வந்துவிட்டன. குழந்தைவேலும் சின்னதுரையும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்கள். எங்கே பார்த்தாலும் ஒரே சிவப்பு.

“இதுல எதுப்பா வெள்ளாடு?” என்று கேட்டார் குழந்தைவேல்.

“எனக்கு என்ன சார் தெரியும்? கொழம்பு கொதிக்கட்டும், தின்னுட்டு நீங்களே சொல்லுங்க,” என்றான் உரித்தவன்.

கறி கொதிக்கிற நேரத்துக்கு வீரம்மாள் மூச்சிரைக்க வந்தாள். மலர்க்கொடி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாளாம், கறி வெந்துவிட்டதா என்று கேட்டாளாம். காய்ச்சலை மாத்திரை விரட்டியதா, கருப்பு விரட்டியதா என்று என்னைக் கேட்காதீர்கள். அம்சவள்ளி அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிள்ளைக்காக அழுதாள். ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு நின்ற அந்தக் குட்டிக்காகவும் கொஞ்சம் அழுதாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மரத்தடியில் முத்துசாமி ஈரச் சட்டையோடு தனியாக உட்கார்ந்திருந்தார். அவளுக்குப் பாவமாக இருந்தது. ஒரு சொம்பில் சுடுதண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“ஒத்த வார்த்த சார். ஒத்த வார்த்த சொல்றதுக்கா எம்புருசன அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் அப்படி அலைய வுட்டீங்க?”

முத்துசாமி தண்ணீரைக் குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

“அம்மா, சர்வீஸ்ல சேர்ந்ததுலேருந்து நான் யாருக்கும் ‘குடுத்தேன்’னு சொன்னதில்லை. இன்னிக்குத்தான் சொல்லிப் பார்க்கிறேன்.” மெதுவாகச் சிரித்தார். “நல்லாத்தாம்மா இருக்கு.”

அதற்குள் இலை போட்டாயிற்று என்று சொல்ல இரண்டு டாக்டர்களும் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். முத்துசாமி சட்டென்று குரலைத் தாழ்த்தி, அவள் பக்கம் குனிந்தார்.

“எழுத்துல மட்டும் கேட்டுடாதீங்கம்மா.”